ஆவணமும் அறமும்

பொய் சொல்லாதிருப்பது ஒன்று. உண்மையுடையவராக இருப்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றே என்ற எண்ணத்திலேயே நம்மிற் பலர் வாழ்ந்து முடித்துவிடுகிறோம். திருக்குறளின் வாய்மை அதிகாரத்தை வகுப்பிலே விளக்கும்போது நாமும் பல ஆண்டுகளாக இந்த வேறுபாட்டினை விரைந்து கடந்தே சென்றுள்ளோம். அண்மையில் ஐக்கிய அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்திலிருந்து வந்த ஒரு கடிதம், நாம் கடந்து சென்ற இடத்துக்கே எம்மைத் திருப்பி அழைத்து வந்து நிறுத்தியது.

கடிதத்தை எழுதியவர் எம்மிடம் உயர்தர வகுப்பிலே தமிழ் கற்ற மாணவர். பழைய ஏடுகளையும் சாசனங்களையும் வாசிப்பதில் அவருக்கு அக்காலத்திலேயே நாட்டமிருந்தது. குடும்பத்தோடு புலம்பெயர்ந்து, அங்கே பட்டம் பெற்று, இன்று எண்ணெய், எரிவாயுத் தொழிலிலே காணி உரித்துத் தேடுபவராகக் கடமையாற்றுகிறார். அவருடைய தொழிலை நம் வாசகர் விளங்கிக்கொள்வது கடினமன்று. காணியொன்றை வாங்குமுன் நொத்தாரிசு காணிப் பதிவகத்துக்குச் சென்று, அது யாருடைய முதுசம், யார் யாருக்குக் கைமாறியது, ஈடு ஏதும் உண்டா என்று புத்தகங்களைப் புரட்டிப் பார்க்கிறாரல்லவா? ஏறத்தாழ அதே வேலைதான். ஆனால் அங்கே தேடப்படுவது நிலத்தின் அடியிற் கிடப்பதன் உரித்து.

இதற்குக் காரணமுண்டு. உலகின் பெரும்பாலான நாடுகளில் நிலத்தடி எண்ணெய் அரசுக்குரியது. நமது நாட்டிலும் பெற்றோலியம் அரசின் உடைமையே. 2011 இல் மன்னார்க் கடற்படுகையில் எரிவாயு கண்டறியப்பட்டபோது, அது எவருடைய முதுசம் என்று எவரும் உறுதிகளைப் புரட்ட வேண்டியிருக்கவில்லை. ஐக்கிய அமெரிக்காவிலோ தனியார் நிலத்தின் சொந்தக்காரரே அதன் அடியிலுள்ள கனியத்துக்கும் சொந்தக்காரர் என்பது பழைய விதி. அவர் விரும்பினால் மேல்நிலத்தை விற்றுவிட்டு அடிநிலத்தைத் தமக்கென வைத்துக்கொள்ளலாம்; அடிநிலத்தில் அரைவாசியை ஒருவருக்கும் காற்பங்கை வேறொருவருக்கும் எழுதலாம். 1859 ஆகஸ்ட் 27 இல் பென்சில்வேனியாவின் ரைற்றஸ்வில் என்னும் இடத்தில் அறுபத்தொன்பதரை அடி ஆழத்தில் எண்ணெய் ஊறியது; 1901 ஜனவரி 10 இல் ரெக்சாஸ் மாநிலத்து ஸ்பிண்டில்ரொப் மேட்டில் அது வானளாவப் பீறிட்டெழுந்தது. அக்காலந் தொட்டு அடிநிலம் ஒரு தனிச் சரக்காகி, மேலே உழுபவன் அறியாமலே கைமாறி வந்திருக்கிறது.

ஒக்லஹோமாவில் 77 கவுன்ரிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஒரு நீதிமன்றக் கட்டடம். அதிலே பதிவுகளைக் காக்கும் கந்தோர். அக்கந்தோரிலே தடித்த அட்டையிட்ட பேரேடுகள். கொடுத்தவர் பெயரால் ஓர் அட்டவணை, பெற்றவர் பெயரால் ஓர் அட்டவணை, காணித்துண்டின் இலக்கத்தால் இன்னோர் அட்டவணை. இன்று அவற்றிற் பல கணினித் திரையிலும் கிடைக்கின்றன. தேடுபவர், 640 ஏக்கர் கொண்ட ஒரு சதுரமைல் நிலத்தின் காற்பங்கான 160 ஏக்கர்த் துண்டை எடுத்துக்கொள்கிறார். அரசு அதனை முதன்முதல் எவருக்கு வழங்கியது என்பதிலிருந்து தொடங்கி, விற்பனை, ஈடு, மரணசாசனம், விவாகரத்து, வரிப்பாக்கிக்கான ஏலம் என ஒவ்வோர் ஆவணத்தையும் வரிசைப்படுத்துகிறார். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருந்தால், நீதிமன்ற வழக்கேடுகளிலும் பழைய பத்திரிகைகளின் மரண அறிவித்தல்களிலும் தேடி உரித்தாளரைக் கண்டுபிடிக்கிறார். அவர் திரட்டியதை வைத்தே சட்டத்தரணி உரித்துப் பற்றிய அபிப்பிராயம் எழுதுவார். அதன் பின்னரே கம்பனி துளையிடும். அந்நாட்டார் இத்தொழில் செய்வோரை 'லாண்ட்மன்' என அழைப்பர். 1955 இல் அவர்கள் தமக்கென ஒரு சங்கமும் அமைத்துக்கொண்டனர். பொதுமக்கள் முன்னே நியாயமாகவும் நேர்மையாகவும் நடத்தல் வேண்டும் என்று அச்சங்கத்தின் ஒழுக்கக்கோவை கூறுகின்றது.

தேடல் எவ்வளவு நுணுக்கமானது என்பதைக் கணக்கொன்றாற் காட்டலாம். 160 ஏக்கரை உடைய ஒருவர் 1931 இல் நிலத்தை விற்கும்போது அடிநிலத்தில் அரைவாசியைத் தமக்கென நிறுத்திக்கொள்கிறார். மிஞ்சுவது 80 ஏக்கர். அவருக்கு நான்கு பிள்ளைகள், தலைக்கு 20. அப்பிள்ளைகளுள் ஒருவருக்கு இருவர், தலைக்கு 10. அவ்விருவருள் ஒருத்திக்கு மீண்டும் இருவர்; தலைக்கு 5. இவ்வாறு நான்கு தலைமுறைக்குள் உரித்துச் சிதறிவிடுகிறது. முற்காலத்துக் கிணறு செங்குத்தாக இறங்கியதால் ஒரு சிலரோடு காரியம் முடிந்தது. இன்று ஷேல் பாறையைத் துளைக்கும் கிணறு கீழே இறங்கிய பின் கிடையாகத் திரும்பி இரண்டு மைல் தூரம் வரை செல்கிறது. அவ்வழியிலே நூற்றுக்கணக்கான சிறு உரித்தாளர்கள் இருத்தல் கூடும். தம் பாட்டனாரின் பெயரன்றி வேறெதுவும் அறியாதவர்கள் அவர்களுட் பலர்.

இனி, கடிதத்துக்கு வருவோம். மேற்சொன்ன கணக்கு எமது மாணவர் போட்ட கணக்கேயாகும். அந்த 5 ஏக்கருக்கு உரியவர் வேறொரு மாநிலத்தில் வாழும் மூதாட்டி. மருத்துவமனையொன்றிலே துப்புரவுப் பணி செய்து ஓய்வு பெற்றவர். ஒக்லஹோமாவில் தமக்கு ஏதோ இருக்கிறது என்பதை அவர் அறியார். எமது மாணவர் மூன்று கிழமை தேடி அவரைக் கண்டுபிடித்தார். குத்தகைப் பத்திரமும் தயாராயிற்று: ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒரு முற்பணம், எண்ணெய் வந்தால் உற்பத்தியில் எட்டிலொரு பங்கு, மூன்றாண்டுத் தவணை, அதற்குள் எண்ணெய் வந்துவிட்டால், வந்துகொண்டிருக்கும் வரையும் குத்தகை நீளும். அயலிலே சட்டத்தரணியை வைத்துப் பேசியவர்கள் பெற்ற முற்பணமோ இதைப்போல் மும்மடங்கு, பங்கு ஐந்திலொன்று. அதனை எமது மாணவர் அறிவார். அயலாரைப் பற்றிப் பேச வேண்டாம் என்பது அவருக்கு மேலிருந்து கிடைத்த அறிவுறுத்தல்.

அவர் தொலைபேசியில் விளக்கினார். அம்மையார் மிகுந்த மகிழ்ச்சியோடு கேட்டுக்கொண்டிருந்துவிட்டு இறுதியில், "இது நியாயமான விலைதானா?" என்று வினவினார். "அந்தப் பகுதியிலே பலர் ஒப்பமிட்டிருக்கிறார்கள், அம்மா" என்று எமது மாணவர் விடையிறுத்தார். அம்மையாரும் ஒப்பமிட்டு அனுப்பிவிட்டார். "நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை, ஐயா. ஆனால் அன்று முதல் அந்த வாக்கியம் என் காதை விட்டுப் போகவில்லை. நான் செய்தது பிழையா?" என்று கடிதம் முடிகிறது.

ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடையளித்து விடுவது எளிது. ஆயின் இது ஒருவருடைய தனிப்பட்ட சஞ்சலம் மட்டுமன்று. ஆவணத்தைப் படிக்கத் தெரிந்தவன் அதனைப் படிக்கத் தெரியாதவனுக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறான் என்பதே இங்கு எழும் வினா. எழுத்தறிவு தோன்றிய நாள் தொட்டு இவ்வினா இருந்து வந்திருக்கிறது.

பெரியபுராணத்திலே தடுத்தாட்கொண்ட கதையைத் தமிழ் கற்றோர் அனைவரும் அறிவர். மணப்பந்தரிலே வந்து நின்ற முதியவர், நம்பியாரூரர் தமக்கு வழிவழி அடிமை என்று ஓலை காட்டுகிறார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது. வழக்கத்தாலோ ஆவணத்தாலோ அயலார் சாட்சியத்தாலோ நிறுவவேண்டும் என்கிறது அவை. மூல ஓலை எடுக்கப்படுகிறது, பாட்டனாரின் கைச்சாத்து, காப்பிலிருந்த வேறோர் ஓலையோடு ஒப்பிடப்படுகிறது, இரண்டும் ஒத்திருக்கின்றன, வழக்கு முடிந்துவிடுகிறது. பக்தி நோக்கில் அது இறைவனின் திருவிளையாட்டு. நாம் இங்கே கவனிப்பது அவையோர் கேட்ட வினாக்களை. ஓலை மெய்யானதா என்று அவர்கள் மிகுந்த திறமையுடன் விசாரித்தார்கள். பாட்டன் தன் பேரனை அடிமையாக எழுதிக் கொடுத்தல் தகுமோ என்று ஒருவரும் விசாரித்தாரல்லர். ஆவணம் மெய்யானதாக இருத்தலும் அது நிறுவும் நிலைமை நீதியானதாக இருத்தலும் இருவேறு விடயங்கள் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று நம்மிலக்கியத்தில் அரிது.

ஒக்லஹோமாவின் பேரேடுகளும் இந்த அவையைப் போன்றனவே. உரித்துச் சங்கிலி அறாமல் வருகிறதா என்று அவை காட்டும். முதற் கண்ணி எவ்வாறு செய்யப்பட்டது என்பது கம்பனிக்கு வேண்டிய வினாவன்று. அம்மண்ணின் முதற்குடிகளுக்கு நிலத்திலே இருப்புரிமை மட்டுமே உண்டு, அதனைத் தனியாருக்கு விற்கும் உரித்து இல்லை என்று ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் 1823 இல் தீர்ப்பளித்தது. 1887 இன் டோஸ் சட்டம், பழங்குடிகள் பொதுவில் வைத்திருந்த நிலத்தைத் தனித்தனித் துண்டாக்க வழிவகுத்தது; 1898 இன் கேர்ட்டிஸ் சட்டம் அதனை ஒக்லஹோமாவின் ஐந்து பெருங்குடிகள் மீதும் ஏவியது. 1889 ஏப்பிரில் 22 நண்பகலில் ஏறத்தாழ இருபது இலட்சம் ஏக்கர், குதிரையிலும் வண்டியிலும் முந்தி ஓடி வந்த குடியேறிகளுக்கெனத் திறந்துவிடப்பட்டது. 1908 இல் பழங்குடிச் சிறுவரின் காணிகள் மீதான பாதுகாவல் கவுன்ரி நீதிமன்றங்களின் கையில் விடப்பட்டது. அதன் பின் நிகழ்ந்தது வரலாற்றின் பெருங்களவுகளுள் ஒன்று. பிள்ளையின் காணியில் எண்ணெய் வந்ததும் பாதுகாவலர் ஒருவர் முளைப்பார். செலவுக் கணக்கு எழுதுவார். பிள்ளை பராயமடையும்போது காணியும் பணமும் வேறெவரிடமோ இருக்கும். மஸ்கோகி இனத்தோடு சேர்ந்து வாழ்ந்த கறுப்பினக் குடும்பமொன்றிலே 1902 இல் பிறந்த சாரா ரெக்ரர் என்ற சிறுமிக்கு, உழவுக்குதவாத 160 ஏக்கர் பங்காகக் கிடைத்தது. 1913 இல் அதிலே நாளொன்றுக்கு 2,500 பீப்பா எண்ணெய் பாயத் தொடங்கிற்று. உடனே அவளுக்கும் ஒரு வெள்ளையரே பாதுகாவலர். அவள் செல்வத்தைக் காத்துக்கொண்டு வளர்ந்த சிலருள் ஒருத்தி, காத்துக்கொள்ளாதோர் பலர்.

ஓசேஜ் இனத்தாரின் கதை இன்னும் கொடியது. 1906 ஆம் ஆண்டுச் சட்டத்திலே அவர்கள் மதிநுட்பத்தோடு அடிநிலத்தைக் குலத்தின் பொதுச் சொத்தாகவே நிறுத்திக்கொண்டார்கள். அதன் வருவாய் 2,229 பங்குகளாக வகுக்கப்பட்டது. பங்கை விலைக்கு வாங்க முடியாது. ஆனால் வாரிசாகப் பெற முடியும். ஆகவே 1920 களில் அவர்களை மணம் முடித்தார்கள், நஞ்சூட்டினார்கள், சுட்டுக் கொன்றார்கள். ஓசேஜ் அல்லாதார் அவ்வாறு பங்கு பெறுவதைக் கட்டுப்படுத்த 1925 இல் ஒரு சட்டம் தேவைப்பட்டது. அக்குலத்தின் சொத்தை முறைகேடாக நிருவகித்தமை பற்றிய வழக்கிலே 38 கோடி டொலர் வழங்க ஐக்கிய அமெரிக்க அரசு 2011 இல் இணங்கிற்று. அக்கொலைகளின் பின்பும் வாரிசுரிமைப் பத்திரங்கள் ஒழுங்காகவே எழுதப்பட்டன, பதியப்பட்டன. பேரேட்டிலே அவையும் சங்கிலியின் கண்ணிகள்.

இவ்வரலாற்றை இங்கே நினைவூட்டுவது எமது மாணவரைக் கொலைஞரோடு ஒப்பிடுவதற்கன்று. அவர் அமர்ந்திருக்கும் மேசை எத்தகைய மேசை என்பதைக் காட்டுவதற்கே. அம்மேசையிலே நூறாண்டுக்கு மேலாக அறிந்தவர் ஒரு பக்கமும் அறியாதவர் மறுபக்கமும் இருந்து வருகின்றனர். அறியாமை அங்கே ஒரு தற்செயல் நிகழ்வாக இருந்ததில்லை. அது இலாபத்தின் ஊற்றாக இருந்தது.

இனி, எதிர்வாதத்தையும் நேர்மையோடு கேட்போம். கிறிஸ்துவுக்கு முன் 44 ஆம் ஆண்டில் உரோமப் பேரறிஞர் சிசரோ கடமைகள் பற்றி எழுதிய நூலில் ஒரு வழக்கு வருகிறது. ரோட்ஸ் தீவிலே கொடும் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து தானியக் கப்பலோடு ஒரு வணிகன் வந்து சேர்கிறான். பின்னால் வேறு பல கப்பல்களும் வந்துகொண்டிருப்பதை அவன் கண்டிருக்கிறான். அதனைச் சொன்னால் விலை இறங்கிவிடும். சொல்ல வேண்டுமா? பாபிலோனியரான டயோஜெனிஸ் என்னும் ஞானி, பொய்யும் வஞ்சனையும் இன்றி விற்றாற் போதும், சொல்லாதிருத்தல் வேறு, மறைத்தல் வேறு என்றார். அவருடைய மாணவர் அந்திப்பாற்றர், மனிதர் யாவரும் ஒரே சமுதாயத்தினராதலால் வாங்குபவன் அறியாத எதனையும் விற்பவன் தன்னோடு வைத்திருத்தலாகாது என்றார். சிசரோ மாணவரின் பக்கமே நின்றார். மற்றவர் அறிவது அவருக்கு நன்மை என்று தெரிந்திருந்தும், அவர் அறியாதிருப்பதை நம் இலாபத்துக்காக விரும்புவோமானால், அதுவே மறைத்தல் என்பது அவர் கண்ட முடிவு.

அமெரிக்கச் சட்டம் டயோஜெனிசின் பக்கத்தைத் தெரிந்துகொண்டது. 1815 இல் போர் முடிந்து சமாதானம் ஏற்பட்ட செய்தி நியூ ஓர்லியன்ஸ் நகரிலே பரவுமுன் அதனை அறிந்த வணிகர் ஒருவர் புகையிலையை மலிவாக வாங்கினார். செய்தி பரவியதும் விலை நூற்றுக்கு 30 முதல் 50 வரை ஏறிவிட்டது. வாங்கியவர் தாம் அறிந்ததைச் சொல்லக் கடமைப்பட்டவரல்லர் என்று 1817 இல் உயர் நீதிமன்றம் கருதிற்று. எனினும் எவரும் மற்றவரை ஏமாற்றும் வகையில் எதையும் சொல்லவோ செய்யவோ கூடாது என்றும் அது எச்சரித்தது.

இவ்வாதத்தை எண்ணெய்த் தொழிலார் மேலும் வலுப்படுத்துவர். பெரும் பணம் செலவிட்டு நிலத்தினூடே அதிர்வலை செலுத்தி, பாறையை ஆராய்ந்து, எண்ணெய் இருக்கும் இடத்தை நாம் கண்டுபிடிக்கிறோம்; அதனைக் குத்தகைக்கு முன்பே சொல்லிவிட வேண்டுமானால் எவர்தான் தேடுவார் என்பர். இவ்வாதத்தில் நியாயமுண்டு. உழைப்பாலும் செலவாலும் உருவான அறிவுக்குப் பயன் வேண்டும்.

ஆனால் இங்கேதான் ஒரு வேறுபாட்டினைக் காணவேண்டும். எமது மாணவர் கையிலிருந்த அறிவு மூவகைப்பட்டது. முதலாவது, மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது. அது கம்பனி உழைத்துத் தேடிய அறிவு. அதனைக் கம்பனி தன்னோடு வைத்திருக்கலாம் என்று ஏற்றுக்கொள்வோம். இரண்டாவது, அந்த 5 ஏக்கர் அம்மூதாட்டிக்கே உரியது என்பது. அந்த அறிவு எங்கிருந்து வந்தது? பொதுப் பணத்தில் இயங்கும் பொதுக் கந்தோரின் பேரேட்டிலிருந்து. அவருடைய பாட்டனார் எழுதுவித்த உறுதியிலிருந்து. கம்பனி அதனை உண்டாக்கவில்லை, கண்டெடுத்தது. வழியிலே விழுந்து கிடந்த பணப்பையை எடுத்தவன், எடுத்த உழைப்புக்காக அதனை உரிமை கொண்டாட முடியுமா? ஒருவரின் உரிமை பற்றிய அறிவு முதற்கண் அவருக்கே உரியது. அதனை அவரிடம் சேர்ப்பதற்குக் கூலி கேட்கலாம். அதனைக் கருவியாக்கி அவரையே மலிவாக வாங்குதல் ஆகாது.

மூன்றாவது, அயலார் பெற்ற விலை. பிணக்கு உண்மையில் இங்கேதான். இதிலும் ஒக்லஹோமாவின் நிலைமை சிந்தனைக்குரியது. குத்தகைக்கு உடன்படாதவர்களையும் கண்டுபிடிக்க முடியாதவர்களையும் ஒரு கிணற்றின் கணக்கிலே கட்டாயமாகச் சேர்க்கும் ஆணையை அம்மாநிலத்தின் ஆணைக்குழு வழங்குகிறது. அயலில் நிலவும் விலையை விசாரித்து, ஏக்கருக்கு இவ்வளவு, உற்பத்தியில் இவ்வளவு பங்கு என்று அவ்வாணையிலே குறிக்கிறார்கள். அது பகிரங்கப் பதிவு, எவரும் பார்க்கலாம். ஆயின் அப்படி ஒன்று உண்டென்றும், எங்கே, எந்த இலக்கத்திலே தேடுவதென்றும் அறிந்தவருக்கு மட்டுமே அது பகிரங்கம். பூட்டப்படாத அறையானாலும் அறை இருப்பதே தெரியாதவனுக்கு அது பூட்டிய அறைதான். இக்காலத்து அநீதிகளிற் பல இரகசியத்தாற் காக்கப்படுவதில்லை, கடினத்தாற் காக்கப்படுகின்றன.

எனவே மாணவரின் விடையைச் சற்று உற்று நோக்குவோம். அம்மையார் கேட்டது விலை நியாயமானதா என்று. கிடைத்த விடை, பலர் ஒப்பமிட்டார்கள் என்று. சொல் உண்மை, ஆனால் அது கேட்ட வினாவுக்குரிய விடையன்று. விடையன்று என்பது அவருக்கும் தெரியும். விடையென்று அம்மையார் எண்ணிக்கொள்வார் என்பதும் தெரியும். வள்ளுவர் வாய்மையை வரையறுக்கும்போது நிகழ்ந்ததைக் கூறல் என்று கூறி அமையவில்லை; பிறருக்குத் தீங்கு பயவாமையை அதன் இலக்கணமாக வைத்தார். வாணிகம் செய்வோர் பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணுதலை நடுவுநிலைமையிலே வைத்தார். இவ்வளவைகளால் அளந்தால் அந்த வாக்கியம் தேறாது. தம்பி, அது பிழைதான் என்றே நாம் எழுதவேண்டியிருந்தது.

ஆயினும் பிழையை ஒருவருடைய தலையில் வைத்துவிட்டு நாம் எழுந்து போய்விடுவது பெரும் அநீதியாகும். எமது மாணவர் நாட்கூலிக்கு வேலை செய்பவர். எண்ணெய் விலை இறங்கினால் முதலில் நிறுத்தப்படுவோர் அவரைப் போன்றோரே. கல்விக் கடன் அவர் கழுத்திலே. பெற்றோர் அவர் கையிலே. நூற்றுக்கணக்கான சிறு உரித்தாளரிடம் எட்டிலொன்றுக்கும் ஐந்திலொன்றுக்கும் இடையிலுள்ள வேறுபாடு எவருடைய பேரேட்டிலே சென்று குவிகிறதோ அவர் அம்மூதாட்டியோடு ஒருநாளும் பேசப் போவதில்லை, "இது நியாயமான விலைதானா?" என்ற வினாவைக் காதாற் கேட்கப் போவதுமில்லை. இலாபம் ஓரிடத்திலும் மனச்சாட்சி வேறோரிடத்திலும் இருக்கும்படி வேலைகளைப் பிரித்து வைத்திருப்பதே இவ்வமைப்பின் சாமர்த்தியம். கடமையைச் செவ்வனே செய்த எழுதுவினைஞன் இரவிலே உறக்கமின்றிக் கிடக்கிறான். முதலாளி நன்றாக உறங்குகிறான். அறத்தைத் தனிமனிதரின் துணிவுக்கு மட்டும் விட்டுவிடும் சமுதாயம், துணிவில்லாதோரைக் குற்றவாளிகளாகவும் துணிந்தோரைப் பட்டினியாளராகவும் ஆக்கும்.

ஆகையால் வழி சமுதாயத்தின் வழியாகவே இருத்தல் வேண்டும். பொதுப் பேரேட்டிலிருந்து ஒருவரின் உரித்தைக் கண்டுபிடிப்பவர், பேரம் பேசுமுன் அவ்வுரித்தின் அளவையும் அயலிலே விதிக்கப்பட்ட நிபந்தனைகளையும் எழுத்திலே அறிவிக்கும்படி சட்டம் ஏன் கேட்கலாகாது? ஒப்பமிட்ட பின் சட்டத்தரணியைக் கண்டு மனம் மாற்றிக்கொள்ளச் சில நாட்கள் ஏன் வழங்கலாகாது? கேட்பாரற்றுக் கிடக்கும் பணத்தைக் காத்துவைத்து, தேடி வருவோருக்குக் கொடுக்கும் பிரிவுகள் அந்நாட்டு மாநிலங்களில் ஏற்கெனவே உள்ளன. தேடி வருவோருக்குக் கொடுப்பதிலிருந்து தேடிச் சென்று அறிவிப்பதற்கு இன்னும் ஓரடிதான் உண்டு. அதே கந்தோர், அதே கணினி. திசை மட்டுமே மாறவேண்டும்.

திசை மாறக்கூடும் என்பதற்குச் சான்று அதே ஒக்லஹோமாவிலேயே உண்டு. 1890 இல் பிறந்து, சிறுமியாக அம்மண்ணுக்கு வந்து, கிராமப் பள்ளிக்கூடங்களில் ஆசிரியையாக இருந்து, பின்னர் வரலாற்றறிஞரான ஏஞ்சி டெபோ அம்மையாரை நாம் குறிப்பிடுகின்றோம். உரித்துத் தேடுவோர் புரட்டும் பதிவுகளையொத்த பதிவுகளையே, பங்கீட்டு ஆவணங்களையும் நீதிமன்ற வழக்கேடுகளையும், அவரும் புரட்டினார். ஐந்து பெருங்குடிகளின் காணி எவ்வாறு பறிபோயிற்று, யார் யார் பறித்தார்கள் என்பதைப் பெயர் சொல்லி எழுதினார். அப்பெயர்களுட் சில அன்று மாநிலத்தின் உயர்ந்த இடங்களில் இருந்தோருடையவை. ஆகவே அந்த மாநிலப் பல்கலைக்கழக அச்சகம் நூலை வெளியிடாமற் பின்வாங்கியது. 1940 இல் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழக அச்சகமே அதனை வெளிக்கொணர்ந்தது. அவர் 1988 வரை வாழ்ந்தார். அடுத்தடுத்த மேசைகளிலே அமர்ந்து அதே ஏட்டைப் படிக்கும் இருவரில், ஒருவர் ஒருவரை வாங்குவதற்காகவும் மற்றவர் ஒருவருக்குச் சொல்வதற்காகவும் படிக்க முடியும் என்பதை அவருடைய வாழ்க்கை காட்டிற்று.

எல்லோரும் டெபோ அம்மையார் ஆகிவிட முடியாது. எமது மாணவரிடம் நாம் அதனைக் கேட்கவும் இல்லை. இரண்டு சிறு காரியங்களையே எழுதினோம். அம்மூதாட்டிக்கு அயல் விலையைத் தெரிவித்து, பத்திரத்தைத் திருத்தித் தரும்படி மேலிடத்தைக் கேட்கலாம். கேட்பதற்கு வேண்டியது ஒரு கடிதமும் சற்றுத் துணிவும். மறுத்தால், இனி எழுதும் கடிதங்களின் அடியிலே ஒரு வரி சேர்க்கலாம்: உங்கள் அயல் நிலங்களுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளை ஆணைக்குழுவின் இன்ன இலக்கப் பதிவிலே பார்த்துக்கொள்ளலாம் என்று. அது கம்பனியின் இரகசியமன்று. மாநிலத்தின் பகிரங்கப் பதிவு. அதனைச் சொல்வது எசமானருக்குச் செய்யும் துரோகமாகாது. அந்த ஒரு வரிக்காக வேலை போகுமாயின், அவ்வேலையின் அடித்தளம் எதுவென்பது அன்றே வெளிப்பட்டுவிடும். இதனைப் பாதுகாப்பான நாற்காலியிலிருந்து எழுதுகிறோம் என்பதையும் நாம் மறந்துவிடவில்லை. கடிதத்திலும் அதனைக் குறிப்பிட்டோம்.

பதில் இன்னும் வரவில்லை. வரும்வரை எமக்கும் ஒரு வேலை இருக்கிறது. சென்ற தவணைப் பரீட்சையின் விடைத்தாள்களை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். "வாய்மை யாது?" என்ற வினாவுக்கு, "பொய் சொல்லாமை" என்று எழுதிய பிள்ளைகளுக்கு முழுப் புள்ளியும் இட்டிருக்கிறோம். அதே வினாவுக்கு அதே விடையை எழுதி அதே புள்ளியைப் பெற்றுச் சென்றவர்தான் இன்று ஒக்லஹோமாவிலிருந்து எழுதுகிறார். ஏடு வாசிக்க அவருக்குக் கற்பித்தோம். எவருக்காக வாசிப்பது என்பதைக் கற்பிக்கவில்லை. வருகின்ற திங்கட்கிழமை அந்த அதிகாரத்தை மறுபடியும் எடுக்க எண்ணியுள்ளோம். இம்முறை அந்த மூதாட்டியின் வினாவிலிருந்தே தொடங்குவோம்.